ஆமெனுக்குப் பிறகு ‘போலாம் ரைட்’

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் விஷயம் தெரியவேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னதும், முழங்காலிலிருந்து எழுந்துகொண்டே “போலாம் ரைட்” என்பார். உங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் தவறிய நாற்பதாம் நாள் ஜெபத்தில், போதகர் ஐயர் ஜெபித்து முடித்து, வீடு நிறைய இருந்தவர்கள் ஆமென் சொன்ன அந்த அமைதியில், உங்கள் ஆறு வயது மகன் கணீரென்று “போலாம் ரைட்” என்றான். வீடே சிரித்துவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நீங்கள். அப்புறம் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல்: “அப்பன் போயி நாப்பது நாளுதான் ஆகுது, அதுக்குள்ள பல்லக் காட்டுதா பாரு.”

நான் சிரித்தது பாவமா என்று கேட்கிறீர்கள். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று வருகிறவர்களெல்லாம் சொல்லும்போது கோபம் வருகிறது என்கிறீர்கள். சான்றிதழுக்கும் பாங்கிக்கும் அலைச்சல், அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி படுத்தால் ஜெபம் வருவதில்லை, இப்படிப்பட்ட நான் விசுவாசிதானா என்றும் கேட்கிறீர்கள். கடைசியில் ஒரே ஒரு வரி: பையன் அன்றிலிருந்து ஜெபத்தில் வாயே திறப்பதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் 34 வருடம் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்றவன். துக்க வீடுகளில் கழித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. அந்த உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சிரித்தது பாவம் இல்லை. உங்கள் மகன் செய்ததோ, அந்த நாற்பதாம் நாளில் அந்த வீட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை வேதத்தை வைத்தே சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிரசங்கங்களில் அந்த அதிகாரம் பேதுரு சிறையிலிருந்து விடுதலையான கதையாகத்தான் வரும். ஆனால் அது தொடங்குவது ஒரு சாவில். ஏரோது ராஜா, யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலைசெய்தான் என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. பன்னிரண்டு பேரில் இரத்தசாட்சியாக மரித்த முதல் ஆள் அவர். ஒரே வசனத்தில் அவர் கதை முடிகிறது. அடுத்ததாக அவன் பேதுருவைப் பிடிக்கிறான். வகுப்புக்கு நாலு பேராக நாலு வகுப்பு, மொத்தம் 16 சேவகர் காவல். பஸ்கா பண்டிகை முடிந்ததும் வெளியே கொண்டுவருவதாக எண்ணம்.

சபையார் மாற்கு என்னும் யோவானுடைய தாயார் மரியாளின் வீட்டில் கூடியிருக்கிறார்கள். அது துக்க வீடுதான் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவரைப் பறிகொடுத்து அதிக நாள் ஆகவில்லை. இன்னொருவர் நாளைக்கு இருப்பாரா தெரியாது. ராத்திரி முழுக்க ஜெபம். அப்போது கதவு தட்டுகிற சத்தம். ரோதை என்கிற பெண் போகிறாள். பேதுருவின் குரல் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். “பேதுரு வந்திருக்கிறார்” என்கிறாள். உள்ளே அவருக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் “நீ பிதற்றுகிறாய்” என்கிறார்கள். அவள் இல்லை, அவர்தான் என்று சாதிக்கிறாள். “அப்படியானால் அவருடைய தூதனாயிருக்கலாம்” என்கிறார்கள். தேவதூதன் வந்ததும் சிறையில் சங்கிலிகள் கழன்று விழுந்தன, நகரத்துக்குப் போகிற இரும்புக்கதவும் தானாகத் திறந்துவிட்டது. ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. லூக்கா ஒரு வரி எழுதுகிறார்: “பேதுரு பின்னும் தட்டிக்கொண்டிருந்தான்.”

எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். லூக்கா அதைச் சிரிக்கும்படிதான் எழுதியிருக்கிறார். யாக்கோபு செத்த அதே அதிகாரத்தில், அதே துக்கத்துக்குள், பரிசுத்த ஆவியானவர் இந்தக் காட்சியை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். “துக்க காரியம் சொல்லுகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு” என்று அதை அடித்துப்போடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யாக்கோபுக்கும் அவர் தம்பி யோவானுக்கும் இயேசு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்: பொவனெர்கேஸ், இடிமுழக்க மக்கள். சமாரியர் ஊரில் இடம் கொடுக்கவில்லை என்றதும், “வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா” என்று கேட்டவர்கள் இவர்கள்தான். பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நம் வீடுகளிலும் கோபக்காரப் பிள்ளைக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வைப்போமே, அது மாதிரி. இந்தப் பட்டப்பெயர் நாலு சுவிசேஷத்தில் ஒன்றில் மட்டும்தான் வருகிறது, மாற்குவில். மாற்குவை எழுதியவர், ரோதை கதவு திறக்க மறந்த அந்த வீட்டு மரியாளின் மகன்தான் என்பது ஆதித் திருச்சபையிலிருந்து வரும் பாரம்பரியம்.

அப்படியானால், யாக்கோபின் துக்கம் நிறைந்திருந்த வீட்டுப் பையன்தான் அந்தப் பெயரை மறக்காமல் நமக்கு எழுதி வைத்தவர். பட்டப்பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆள் இல்லையே என்று நெஞ்சும் அடைக்கும். இரண்டும் சேர்ந்துதான் வரும். உங்கள் மகன் செய்தது வேறென்ன? தாத்தாவின் குரலை அவன் எடுத்து வைத்திருக்கிறான். ஐயர் உங்கள் அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். அவையெல்லாம் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். “போலாம் ரைட்” அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும். வீடு சிரித்தது அவரை அந்த ஒரு நொடி அங்கே கண்டதனால்தான்.

இயேசு அழுதார் என்று இருக்கிறது, சிரித்தார் என்று எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். இது புதுக் கேள்வி இல்லை. நாலாம் நூற்றாண்டிலேயே கிறிசோஸ்தம் என்கிற பெரிய பிரசங்கியார் மத்தேயு சுவிசேஷப் பிரசங்கத்தில் இதைச் சொல்லி, அதிகம் சிரிக்கிறவர்களை எச்சரித்தார். அவர் பயந்தது அக்காலத்து நாடகக் கொட்டகைச் சிரிப்புக்கு. அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள், தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பு எடுக்கப் போகிறவன், இதையெல்லாம் சொன்னவர் சிரிப்பே அறியாதவராக இருக்கமுடியாது. அதைக் கேட்ட ஜனங்கள் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள் என்று என்னால் நம்பமுடியவில்லை.

வேதம் கண்டிக்கிற சிரிப்பும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். யவீருவின் வீட்டில் பெண்பிள்ளை மரித்துக் கிடக்கும்போது “சிறுபெண் மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள்” என்று இயேசு சொன்னதும் அங்கே இருந்தவர்கள் அவரைப் பார்த்து நகைத்தார்கள். கொஞ்சம் முன்னால்வரை புலம்பிக்கொண்டிருந்த கூட்டம். நம்பிக்கையைக் கேலி செய்த சிரிப்பு அது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இயேசு உள்ளே போனார். இன்னொரு வகை, துக்கப்படுகிறவனை வலுக்கட்டாயமாகச் சிரிக்க வைப்பது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் ஒருவனுடைய துணியை உருவுகிறவனைப் போன்றவன் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. எவ்வளவு நுட்பமான வார்த்தை! எட்டாம் நாளே வந்து “மூஞ்சியை இப்படி வச்சுக்காதீங்க, சாட்சியா இருக்கணும்” என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்கவேண்டும். உங்கள் வீட்டுச் சிரிப்பு இந்த இரண்டு வகையும் இல்லை. அதை யாரும் வரவழைக்கவில்லை. அதனால் யாரும் காயப்படவில்லை, அத்தையைத் தவிர. அத்தையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, நம்பிக்கை.

அதே 12-ஆம் அதிகாரத்தில் ஒரு கடினமான கேள்வி உட்கார்ந்திருக்கிறது. பேதுருவுக்குத் தூதன் வந்தான், யாக்கோபுக்கு ஏன் வரவில்லை? சபை யாக்கோபுக்காகவும் ஜெபித்திருக்கும். யாக்கோபின் தாயார், தன் இரண்டு மகன்களும் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்காரவேண்டும் என்று இயேசுவிடம் கேட்ட அந்தத் தாய், அப்போது உயிரோடு இருந்திருந்தால், பேதுரு தப்பிய செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்? நான் ஒரு வீட்டில் பிழைத்த பிள்ளைக்காக ஸ்தோத்திர ஜெபம் பண்ணிவிட்டு, அடுத்த தெருவில் பிழைக்காத பிள்ளையின் வீட்டுக்கு நடந்திருக்கிறேன். அந்த நூறு அடி தூரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

லூக்கா விளக்கம் சொல்லவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றோ, ஜெபம் போதவில்லை என்றோ, தேவனுக்கு அவர் மேலோகத்தில் தேவைப்பட்டார் என்றோ ஒரு வார்த்தை இல்லை. வேதம் சொல்லாத விளக்கத்தை நாமும் துக்க வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது. உபதேசியாராக இருந்த முதல் வருடங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன வீடுகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

“கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” சத்தியமான வசனம்தான். ஆனால் அதை யார் சொன்னது என்று கவனியுங்கள். ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு, தானாகச் சொன்னது. வெளியிலிருந்து வந்த ஒருவரும் அவரிடம் போய் அதைச் சொல்லவில்லை. அதே யோபுதான் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அப்படிச் சபித்தவரைத்தான் தேவன் கடைசியில், என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசியவன் இவன்தான் என்று அவருடைய சிநேகிதருக்கு முன்பாகச் சொல்கிறார். அந்த வசனம் ஒருநாள் உங்கள் வாயிலிருந்தே வரலாம். வரும்வரை மற்றவர்கள் அதை உங்கள் வாயில் திணிக்கவேண்டாம். நீங்கள் கோபப்பட்டது அப்படித் திணித்ததைப் பார்த்துத்தான். அதைத் தேவன்மேல் வந்த கோபம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

அப்படியே தேவன்மேல் கோபம் இருந்தாலும் அவரிடமே சொல்லுங்கள். “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று மார்த்தாள் இயேசுவைப் பார்த்ததும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் சகோதரி மரியாளும் அதையேதான் சொன்னாள். நாலு நாளாக அந்த வீட்டில் இரண்டு பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அது குற்றச்சாட்டுதான். ஆனால் முகத்துக்கு நேரே சொன்ன குற்றச்சாட்டு. நம்பிக்கை இல்லாதவள் வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பாள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் அந்தச் சகோதரன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவரே அழுதார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்கிறவர்களுக்கு இதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில் சிரிப்பும் பேச்சுமாக இருந்த மனிதர் அவர். 1542-இல் அவர் மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில் அவர் கையிலேயே மரித்தாள். அவள் சமாதானத்தில் இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தும் இவ்வளவு துக்கமாக இருக்கிறதே, இது என்ன விந்தை என்று அவர் சொன்னதாக உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விசுவாசத்தைப் பற்றி அத்தனை எழுதியவருக்கே அப்படி. நம் ஊர்க்காரர் ஒருவரும் ஞாபகம் வருகிறார். மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் தன் கைப்பணத்தைப் போட்டு ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர். பஞ்சம் தீரவேண்டும் என்று தேவனிடம் மன்றாடிக் கீர்த்தனை பாடியவர். பஞ்சம் ஓய்ந்த கையோடு 1879-இல் அவர் அச்சில் கொண்டுவந்த தமிழின் முதல் நாவல், பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைக்கும். கஞ்சி ஊற்றிய கையும் அந்தக் கையும் ஒன்றுதான்.

ஜெபம் வரவில்லை என்றீர்கள். சரி, வரவில்லை என்றால் கடன் வாங்குங்கள். சங்கீதம் 88-ஐச் சத்தமாகப் படியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பும். இது திரும்பாது. கடைசி வசனம்வரை இருட்டுதான். ஆனாலும் அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஆலயத்தில் பாடியிருக்கிறார்கள். அதையும் படிக்கமுடியாத ராத்திரிகளில் வெறும் பெருமூச்சு போதும். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் இருக்கிறதே, அது இந்த ராத்திரிகளுக்காக எழுதினதுதான். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அலைச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், பாங்கி, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், மின் இணைப்பு பெயர் மாற்றம். ஒவ்வொரு ஜன்னலிலும் “அப்பா பெயர்? இறந்த தேதி?” என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அதைச் சொல்லவேண்டும். (சான்றிதழ் பிரதிகளை நிறைய எடுத்து ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காக மறுபடி ஓடவேண்டாம்.) துக்கத்தில் பாதி இந்த வேலைகளில்தான் இருக்கிறது. ஆனால் பிரசங்கங்களில் இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

“அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று ஆண்டவர் சொன்னதை நம் வேதம் மொழிபெயர்த்திருக்கிற அழகைப் பாருங்கள். பாடு என்றால் துன்பம். கிறிஸ்துவின் பாடுகள் என்கிறோம். வயிற்றுப்பாடு, வீட்டுப்பாடு என்றும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். சிலுவைக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் தமிழில் ஒரே சொல். வனாந்தரத்தில் மன்னாவை நாளைக்கும் சேர்த்து எடுத்து வைத்தவர்களுக்குப் பூச்சி பிடித்தது. அன்றைக்குள்ளதுதான் அன்றைக்கு. ஆகவே இந்த நாட்களில் “என் வாழ்க்கை முழுவதும் உம்மை நம்புகிறேன்” என்றெல்லாம் பெரிதாக ஜெபிக்கவேண்டியதில்லை. “இன்றைக்குத் தாலுகா ஆபீசில் என்னோடு நில்லும்” என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அதுவும் முழு விசுவாசம்தான்.

என் மனைவி ஏழு வருடத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையானாள். எந்த வேலையையும் மறக்காமல் இருக்க முந்தானையில் முடிச்சுப் போடுகிற பழக்கம் அவளுக்கு. பால்காரருக்குப் பணம் என்றால் ஒரு முடிச்சு, சங்கக் கூட்டம் என்றால் ஒரு முடிச்சு. அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து பீரோவைத் திறந்தேன். கடைசியாக உடுத்தி மடித்து வைத்த சேலையில் மூன்று முடிச்சு இருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அந்த மூன்றும் என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. எனக்கு விளங்காததையெல்லாம் தேவனிடம் ஒப்புக்கொடுக்கும்போது அந்தச் சேலைதான் ஞாபகத்துக்கு வரும். எதற்குப் போட்ட முடிச்சு என்று அவருக்குத் தெரியும்.

இனி அத்தை. அவர் சொன்னது உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் அவர் பறிகொடுத்தது கூடப்பிறந்த தம்பியை. நீங்கள் அப்பாவை அறிவதற்கு முன்பே அவரைத் தூக்கி வளர்த்தவர். உங்களுக்குச் சிரிப்பாக வந்தது அவருக்குக் கோபமாக வந்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்து சிரிக்கும்போது, தம்பியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அடுப்படியில் நின்ற அவருக்குத் தோன்றியிருக்கலாம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்கிற வசனம் அத்தைக்கும் சேர்த்துத்தான். மன்னிப்புக் கேட்கப் போகவேண்டாம். சும்மா ஒருநாள் சாயங்காலம் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அத்தை, அப்பா சின்ன வயசில் எப்படி இருந்தார்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். அவரிடம் அப்பாவின் பட்டப்பெயர் ஏதாவது கட்டாயம் இருக்கும்.

போவதற்கு முன்னால் பையனிடம் பேசுங்கள். ஆறு வயதுப் பிள்ளை, தாத்தாவின் வார்த்தையைச் சொன்னதால்தான் அம்மா அழுகிறாள், அத்தைப் பாட்டி திட்டினாள் என்று கணக்குப் போட்டிருப்பான். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி ஜெபம் முடிந்து நீங்களும் அம்மாவும் ஆமென் சொன்ன பிறகு உடனே எழுந்துவிடாதீர்கள். முழங்காலிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். அவன் சொல்வானா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.